சென்சார் சொல்லாத பள்ளம்

ஏற்காட்டு மலை வண்டிக்கு ரிவர்ஸ் கேமராவை வீட்டிலேயே பொருத்தும் முறை

ரிவர்ஸ் கியர் விழுந்ததும் வண்டியின் பின்புறத்தை டாஷ்போர்டுத் திரையில் காட்டும் சிறு கருவிதான் ரிவர்ஸ் கேமரா. சமவெளியில் அது சுவரில் இடிக்காமலும் பக்கத்து வண்டியில் உரசாமலும் நிறுத்த உதவுகிறது. சேர்வராயன் மலையில் அதன் வேலை வேறு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில், வண்டிக்குப் பின்னால் ஏதாவது இருப்பதைவிட ஒன்றுமே இல்லாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. சாலைக்கு மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு. நடுவில் மண்ணை வெட்டித் திண்ணைபோல ஒதுக்கிய இடத்தில் வண்டி நிற்கும். திண்ணையின் விளிம்பில் நின்று பார்த்தால் கீழே காபிச் செடிகளின் தலைதான் தெரியும்.

பம்பரில் பதித்த பார்க்கிங் சென்சாருக்கு இந்த ஆபத்து தெரியாது. காதுக்குக் கேட்காத ஒலி அலையை அனுப்பி, அது எதன் மீதாவது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு சென்சார் தூரத்தைக் கணிக்கிறது. அலை திரும்பி வராவிட்டால் வழி காலியாக இருப்பதாகவே கொள்ளும். திறந்த மைதானமும் பள்ளத்தின் விளிம்பும் அதற்கு ஒன்றுதான். இரண்டு இடத்திலும் சத்தமில்லாமல் இருக்கும். விளிம்பைக் காட்டக்கூடியது கேமரா. அதுவும் சரியான உயரத்தில், சரியான சாய்வில், ஈரம் ஏறாத வயரிங்கோடு பொருத்தினால்தான் காட்டும்.

மலையில் பின்னால் எடுக்க வேண்டிய வேளைகளும் அதிகம். நீளமான வண்டியால் வளைவை ஒரே வீச்சில் எடுக்க முடியாது; ஒருமுறை பின்னுக்கு வந்து ஒடித்துத்தான் திரும்பும். நாகலூர், மஞ்சக்குட்டை, கொட்டச்சேடு பக்கம் போகும் கிளைச் சாலைகளில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் சந்தித்தால், ஒன்று அகலமான இடம் வரும்வரை பின்வாங்கியாக வேண்டும். இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச் சாலைக்கான விதி. ஆகவே பின்வாங்க வேண்டியது பெரும்பாலும் இறங்கி வந்த வண்டி, அதுவும் மேட்டை நோக்கி. காபி பறிக்கும் மாதங்களில் ஜீப்பின் பின்பகுதி முழுக்கச் சாக்கு மூட்டைகள். உள்கண்ணாடியில் மூட்டையைத் தவிர வேறெதுவும் தெரியாது.

வண்டிக்குப் பின்னால் கேமரா வைக்கும் எண்ணம் பழையது. 1956-ல் ஜெனரல் மோட்டார்ஸ் காட்சிக்கு வைத்த பியூக் செஞ்சூரியன் என்ற மாதிரிக் காரில் கண்ணாடிக்குப் பதிலாகத் தொலைக்காட்சிக் கேமராவும் திரையும் இருந்தன. விற்பனைக்கு வந்த கார்களில் முன்னோடி, 1991-ல் ஜப்பானில் வந்த டொயோட்டா சோரர். சட்டம் வருவதற்கு ஒரு துயரம் காரணமானது. 2002-ல் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் ஒரு மருத்துவர் வீட்டு வாசலில் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, அவருடைய 2 வயது மகனே அதில் சிக்கி இறந்துபோனான். அந்தக் குழந்தையின் பெயரைத் தாங்கிய சட்டம் 2008-ல் கையெழுத்தானது. விதி 2014-ல் இறுதியாகி, 2018 மே 1 முதல் அங்கே புதிய இலகு வாகனங்கள் அனைத்துக்கும் ரிவர்ஸ் கேமரா கட்டாயமானது. பின்னால் எடுக்கும் வண்டிகளால் ஆண்டுக்குச் சுமார் 210 பேர் இறப்பதாகவும், அவர்களில் 31 சதவீதம் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றும் அப்போது அந்நாட்டு அரசு கணக்குச் சொன்னது.

அந்த விதியில் இருக்கும் இரண்டு அளவுகள், வீட்டில் கேமரா பொருத்துகிறவருக்கும் நல்ல உரைகல். வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்ட இடம் திரையில் தெரிய வேண்டும். ரிவர்ஸ் போட்ட 2 வினாடிக்குள் படம் வர வேண்டும்.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் கார்களுக்குப் பின்புற சென்சார் கட்டாயமாக்கப்பட்டது. கேமராவுக்கு அப்படி ஒரு கட்டாயம் வரவில்லை. எனவே மலையில் ஓடும் பழைய கார்கள் பலவற்றில் இரண்டும் இல்லை. அதற்குப் பிறகு வந்த விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் சென்சார் மட்டும் உண்டு. பள்ளத்தைச் சொல்லாத கருவி கட்டாயம், பள்ளத்தைக் காட்டும் கருவி விருப்பம் என்ற இந்த நிலை மலை ஊர்களுக்குப் பொருந்துவதாக இல்லை. சாதாரணக் கேமரா ஒன்று ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாகவே கிடைக்கிறது. பொருத்த ஒரு பகல் போதும். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்து, பொறுமையும் உள்ளவரால் செய்ய முடிகிற வேலை இது.

கருவியும் கம்பியும்

மொத்தம் நான்கு பொருட்கள்: கேமரா, திரை, இரண்டையும் இணைக்கும் வீடியோ கேபிள், மின்சாரம் எடுக்கும் கம்பி. ரிவர்ஸ் கியர் போட்டதும் கியர் பாக்ஸில் உள்ள சுவிட்ச் மூடிக்கொள்கிறது. பின்புற வெள்ளை பல்புக்கு 12 வோல்ட் போகிறது. அந்த பல்புக் கம்பியிலிருந்து ஒரு கிளை எடுத்துக் கேமராவுக்குக் கொடுத்தால், கியர் விழும்போது மட்டும் கேமரா விழிக்கும். அதே 12 வோல்ட் இன்னொரு மெல்லிய கம்பி வழியே திரைக்கும் போக வேண்டும். ‘இப்போது பாட்டை நிறுத்தி கேமராவைக் காட்டு’ என்று திரைக்குச் சொல்லும் சைகை அதுதான். சந்தையில் கிடைக்கும் 6 மீட்டர் வீடியோ கேபிள்களின் இரு முனையிலும் ஒரு சிவப்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும்; அது இந்தச் சைகைக்காகவே கூடச் சேர்த்த கம்பி.

21 வாட் ரிவர்ஸ் பல்ப் ஒன்று ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். கேமராவின் தேவை அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். அதனால் பல்புக் கம்பியில் கிளை எடுப்பதால் வண்டியின் வயரிங்குக்குச் சுமை கூடாது. பேருந்து, பெரிய லாரி போன்றவற்றில் 24 வோல்ட் இருக்கும். அவற்றுக்கு இரண்டு அழுத்தத்தையும் தாங்கும் கேமராவே வேண்டும்.

கேமராவில் பல வடிவங்கள் உண்டு. வண்டியின் மாடலுக்கென்றே நம்பர் பிளேட் விளக்கு இருக்கும் இடத்தில் பொருந்தும்படி வருவது ஒன்று. வட்டத் துளையிட்டு உள்ளே பதிப்பது இன்னொன்று. இரண்டு சிறகு விரித்தாற்போல வெளியே ஒட்டும் ‘பட்டாம்பூச்சி’ வகை மூன்றாவது. வெளிநாட்டுச் செய்முறைகளில் நம்பர் பிளேட்டின் ஆணியைக் கழற்றி, பிளேட்டோடு கேமராவைச் சேர்த்து முறுக்கச் சொல்வார்கள். இங்கே அது சரிவராது. 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் ஒருமுறை பூட்டினால் கழற்ற முடியாத பூட்டாணியோடு வருகிறது. அதைத் தொடக் கூடாது. எண்ணின் ஒரு பகுதியைக்கூடக் கேமரா மறைக்கக் கூடாது. மாடலுக்கு ஏற்ற விளக்குவகைக் கேமரா கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. துளை வேண்டாம், துரு வேண்டாம், வெளியே நீட்டிக்கொண்டும் இருக்காது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் மலைக் குரங்குகள் சும்மா விடுவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தண்ணீர் புகாமைக்கு ஐபி 67 அல்லது 68 என்ற குறி வேண்டும். முதல் எண்ணான 6, தூசி உள்ளே போகாது என்பதற்கான அடையாளம். 7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். ஏற்காட்டில் மழையைவிட மூடுபனி நயமாக உள்ளே நுழையும். கேமராவின் வாலில் உள்ள இணைப்பிகளும் மூடியவையாக இருப்பது நல்லது. பார்வைக் கோணம் 170 டிகிரி என்று அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. கோணம் விரிய விரிய ஓரங்கள் வளைந்து, தூரம் மிகையாகத் தோன்றும். விளிம்பைக் கணிக்க 120 முதல் 140 டிகிரி வரை உள்ளது வசதி.

திரைக்கும் கேமராவுக்கும் ஒரே மொழி தெரிந்திருக்க வேண்டும். பழைய முறையான சி.வி.பி.எஸ். எல்லாத் திரையிலும் ஓடும். படம் கொஞ்சம் மங்கல். ஏ.எச்.டி. கேமரா 720 வரிகளில் தெளிவாகக் காட்டும். ஆனால் அதை ஏற்கும் ஸ்டீரியோ வேண்டும். பழைய ஸ்டீரியோவில் ஏ.எச்.டி. கேமராவைச் செருகிவிட்டுப் படம் வரவில்லை என்று கேமராவைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கிறது. திரை இல்லாத வண்டிக்கு உள்கண்ணாடியின் மேல் மாட்டும் கண்ணாடித் திரை போதும். ரிவர்ஸ் போடாதபோது அது வெறும் கண்ணாடியாகவே இருக்கும். கம்பியில்லாத வகையை மலைக்குப் பரிந்துரைக்க முடியாது. அதற்கும் பின்னால் மின்சாரக் கம்பி எடுத்துத்தான் ஆக வேண்டும். படம் ஒரு கணம் தாமதித்து வரலாம், சில நேரம் துண்டிக்கப்படலாம். விளிம்புக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு முழம் இருக்கும்போது ஒரு கணத் தாமதம் என்பது சிறிய விஷயம் அல்ல.

வேலை தொடங்கும் முன்

சமமான இடம் தேட வேண்டும். ஏற்காட்டில் அதுவே ஒரு வேலை. ரிவர்ஸ் கம்பியைக் கண்டுபிடிக்கக் கியரைப் பலமுறை போட்டும் எடுத்தும் பார்க்க வேண்டியிருக்கும். கியர் நியூட்ரலில் இருக்கும் ஒவ்வொரு முறையும் வண்டியைப் பிடித்து வைத்திருப்பது ஹேண்ட் பிரேக் மட்டுமே. எனவே இரண்டு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ வைத்த பிறகே சாவியைத் தொட வேண்டும். சரிவான வாசலில், ஒருவர் பின்னால் குனிந்திருக்க இன்னொருவர் உள்ளே கியரை மாற்றும் காட்சி, நினைக்கவே கூடாத ஒன்று.

எதையும் கழற்றுவதற்கு முன், எல்லாவற்றையும் வண்டிக்கு வெளியே இணைத்துப் பார்த்துவிடுவது பாதி வேலையை மிச்சப்படுத்தும். கேமராவைப் பின் சீட்டில் வைத்து, கேபிளை சீட்டுகளின் மேலேயே ஓட்டி, திரையில் படம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த நேரத்தில்தான் இடது வலதையும் சரிபார்க்க வேண்டும். கேமரா பின்னோக்கிப் பார்ப்பதால், அதன் இயல்பான படத்தில் வண்டியின் இடப்பக்கம் திரையின் வலப்பக்கத்தில் விழும். கண்ணாடியில் தெரிவதுபோல அதைத் திருப்பிக் காட்டினால்தான் கை சரியான பக்கம் ஸ்டீயரிங்கை ஒடிக்கும். பல கேமராக்களின் வாலில் சிறு கம்பி வளையங்கள் இரண்டு இருக்கும். ஒன்றை வெட்டினால் படம் புரளும். மற்றதை வெட்டினால் வழிகாட்டிக் கோடுகள் மறையும். எந்த நிறம் எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தாளில் பார்த்தே வெட்ட வேண்டும். சோதனை எளிது. வண்டியின் இடப்பக்கப் பின்மூலையில் ஒருவர் நின்றால், அவர் திரையிலும் இடப்பக்கமே தெரிய வேண்டும்.

அடுத்தது ரிவர்ஸ் கம்பி. டிக்கிக்குள் பின்விளக்கின் பின்புற மூடியைத் திறந்து, ஹோல்டருக்குப் போகும் கம்பிகளை வெளியே எடுக்கலாம். எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து ரிவர்ஸ் போட வேண்டும். டெஸ்ட் லேம்பின் கிளிப்பை வண்டியின் இரும்புப் பாகத்தில் மாட்டி, முனையால் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டால், எரிய வைப்பதுதான் தேடும் கம்பி. கியரை எடுத்ததும் அது அணைய வேண்டும். பிரேக்கை மிதித்தாலோ பார்க்கிங் விளக்கைப் போட்டாலோ எரிந்தால் அது வேறு கம்பி. நிறத்தை நம்பிக் கிளை எடுப்பது ஆபத்து. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களில்கூட நிறம் ஒன்றாக இருப்பதில்லை. புதிய கார்களில் பல்ப் ஒழுங்காக இருக்கிறதா என்று கணினியே சோதிக்கும். அதற்காகத் துடிப்புத் துடிப்பாக மின்சாரம் அனுப்பும். அத்தகைய வண்டியில் நேரடியாகக் கிளை எடுத்தால் படம் மின்னும், அல்லது கோடு கோடாக வரும். இடையில் சேர்க்கவென்றே கேமரா ஃபில்டர் கடையில் கிடைக்கிறது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியில் அசல் கம்பியை வெட்டாமல், இடைச்செருகல் கப்ளர் போட்டுக் கிளை எடுப்பதே நல்லது. வெட்டிய வயரிங்கைக் காரணம் காட்டி உத்தரவாதத்தை மறுக்க இடம் கொடுக்கக் கூடாது.

இணைப்பும் ஈரமும்

கம்பி கண்டுபிடித்ததும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும். கிளையில் 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை, பல்ப் கம்பிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் போட வேண்டும். பின்னாளில் கேமராக் கம்பி எங்காவது நசுங்கி எர்த் ஆனாலும் சிறு ஃபியூஸ் போகும். ரிவர்ஸ் விளக்கு அணையாது. இணைப்பை எப்படிச் செய்வது என்பதில்தான் மலைக்கும் சமவெளிக்கும் வித்தியாசம். கம்பியின் தோலைக் கத்திபோல் வெட்டிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் சேலத்து வெயிலில் ஆண்டுக்கணக்கில் தாங்கலாம். மேலே, மாதக்கணக்கில் ஈரம் காயாத டிக்கிக்குள், வெட்டுப்பட்ட செம்பு பச்சை பூத்துவிடும். கம்பிகளை முறுக்கி, சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் மாட்டிச் சூடேற்றிச் சுருக்கினால் காற்று நுழையாது. வெறும் இன்சுலேஷன் டேப் இங்கே போதாது. அதன் பசை இளகி, ஒரு மழைக்காலத்திலேயே அவிழ்ந்துவிடும்.

எர்த் கம்பியை வண்டியின் இரும்பில் நேரடியாகப் பிடித்த போல்ட் ஒன்றில் முறுக்க வேண்டும். பெயின்டைச் சுரண்டி உலோகத்தைத் தொடவைத்து, முறுக்கிய பின் கொஞ்சம் கிரீஸ் தடவினால் துரு பிடிக்காது. படம் மங்குவது, அதிர்வது, மழையன்று மட்டும் மறைவது போன்ற கோளாறுகளுக்குக் கேமராவைவிட மோசமான எர்த்தே பெரும்பாலும் காரணம்.

துளை போட வேண்டிய கேமராவானால், இரும்புக் கதவைவிட பிளாஸ்டிக் பம்பரில் போடுவது மேல். இரும்பில்தான் போட்டாக வேண்டும் என்றால், துளையின் வெட்டு விளிம்புக்கு உடனே பிரைமரும் பெயின்டும் தொட்டு, காய்ந்த பிறகே கேமராவைப் பதிக்க வேண்டும். கதவிலிருந்து உடலுக்குக் கம்பி போகும் இடத்தில் ரப்பர் குழாய் ஒன்று ஏற்கெனவே இருக்கும். அதற்குள் புதுக் கம்பியை நுழைப்பதுதான் மொத்த வேலையிலும் நேரம் விழுங்குவது. பழைய சைக்கிள் பிரேக் கம்பியை முதலில் நுழைத்து, அதன் நுனியில் கேபிளைக் கட்டி, சோப்புத் தண்ணீர் தடவி இழுத்தால் வந்துவிடும். பொறுமை இழந்து கதவிடுக்கு வழியே கம்பியைக் கொண்டுவந்தால் கதவை மூடும்போதெல்லாம் அது நசுங்கும். அந்த இடைவெளியில் தண்ணீரும் உள்ளே வரும். வெளியிலிருந்து கம்பி உள்ளே நுழையும் எந்த இடத்திலும், நுழைவதற்கு முன் அதைச் சற்றுத் தொங்கவிட்டு மேலேற்ற வேண்டும். வழிந்து வரும் நீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும்.

அங்கிருந்து முன்பக்கம் வரை, இடது ஓரக் கதவுப்படியின் பிளாஸ்டிக் மூடியைக் கையால் நெம்பி எடுத்து, ஏற்கெனவே ஓடும் வயர்க் கட்டோடு சேர்த்துக் கேபிளைக் கட்டிக்கொண்டு போகலாம். கூரையோரமாகவோ முன்கண்ணாடித் தூணுக்குள்ளோ கொண்டுபோவதைத் தவிர்க்க வேண்டும். பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும் வண்டிகளில் அது விரியும் பாதை அது. மஞ்சள் கப்ளர்களும் மஞ்சள் உறையுள்ள கம்பிகளும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றின் அருகே கை போகக் கூடாது. ஓட்டுநரின் பெடல்கள் இருக்கும் பக்கம் ஒரு கம்பியும் தொங்கக் கூடாது.

தோட்டத்து ஜீப்புக்கும் சரக்கு ஏற்றும் பிக்அப்புக்கும் இந்த நாசூக்கெல்லாம் இல்லை. உள்ளே மூடி எதுவும் கிடையாது. கேபிள் சேஸிஸை ஒட்டியே போக வேண்டும். வளையும் பிளாஸ்டிக் பைப்புக்குள் அதை நுழைத்து, சைலென்சரிலிருந்து குறைந்தது ஒரு சாண் தள்ளி, பிரேக் பைப்போடு சேர்த்துக் கட்டாமல் கொண்டுபோனால் வெப்பமும் கல்லடியும் தாக்காது. காபிக் கிடங்குகளில் நிற்கும் வண்டிகளுக்கு எலியும் ஒரு பகை. பைப்பின் இரு முனைகளையும் சிலிக்கானால் அடைத்துவிட வேண்டும். கேமராவை இறக்கிவிடும் பின்பலகையில் பொருத்தினால், பலகை இறங்கியதும் அது தரையைப் பார்க்கும். பின் குறுக்குச் சட்டத்தில், சிறு இரும்புத் தகட்டை மேல்கூரைபோல வளைத்து, அதன் கீழே வைப்பது நல்லது. சேறு தெறிக்கும், அடிக்கடி துடைக்க வேண்டும். ஆனாலும் எந்த நிலையிலும் பார்வை மாறாது. பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும் வண்டியில் கேமராவைச் சக்கரத்துக்கு மேலே, நடுவிலிருந்து சற்றுத் தள்ளி வைக்க நேரும். அப்போது படத்தின் நடுவும் வண்டியின் நடுவும் ஒன்றல்ல என்பதை ஓட்டுகிறவர் பழகிக்கொள்ள வேண்டும்.

சரிவு செய்யும் கண்மாயம்

கேமராவைத் திருப்பும் சாய்வுக்கு ஒரு அளவுகோல் உண்டு: படத்தின் அடியில் சொந்த பம்பரின் விளிம்பு மெல்லிய கீற்றாகத் தெரிய வேண்டும். பம்பர் தெரியாவிட்டால் தூரத்தை எதிலிருந்து அளப்பது என்பதே கண்ணுக்குப் புலப்படாது. வானம் அதிகம் தெரிந்தால் பகல் வெளிச்சத்தில் படம் கருத்துப்போகும்.

பிறகு கோடுகள். திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறத்தில் விழும் வழிகாட்டிக் கோடுகள் தொழிற்சாலையில் ஏதோ ஓர் உயரத்துக்கு வரைந்தவை. சொந்த வண்டிக்கு அவை பொருந்தும் என்று சொல்ல முடியாது. சமதரையில் வண்டியை நிறுத்தி, பம்பரிலிருந்து அரை மீட்டர், 1 மீட்டர், 2 மீட்டர், 3 மீட்டர் தூரங்களில் வண்டியின் அகலத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். திரைக் கோடு எது, தரைக் கோடு எது என்று ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் திரையின் ஓரத்தில் சிறு ஸ்டிக்கர் புள்ளிகளை ஒட்டிக்கொள்ளலாம். ஏரிக்கரையை ஒட்டிய ஊரின் மையப் பகுதியில் ஓரளவு சமமான இடம் கிடைக்கும். இல்லையென்றால் சேலத்துக்கு இறங்கும் நாளில் அடிவாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

சமதரையில் சரியாக இருந்த கோடு சரிவில் பொய் சொல்லும். இதை அறியாமல் மலையில் கேமராவை நம்புவது கேமராவே இல்லாததைவிட மோசம். கேமரா தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி சமதரையில் நிற்கிறது. பின்னால் தரை மேடாக, 10 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் உயர்கிறது. உண்மையில் 2 மீட்டர் தூரத்தில் இருக்கும் கல், திரைக் கோடுகளின்படி ஏறத்தாழ 2.7 மீட்டர் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். தரை கேமராவை நோக்கி எழுவதால் கல் படத்தில் மேலே ஏறிவிடுகிறது. மேலே என்றால் தொலைவு என்பதே கோடுகளின் கணக்கு. பின்னால் அதே அளவு இறக்கமாக இருந்தால், 2 மீட்டரில் உள்ளது 1.6 மீட்டரில் இருப்பதாகத் தெரியும். மேட்டை நோக்கிப் பின்வாங்கும்போது பொருள் தோன்றுவதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. இறக்கத்தை நோக்கி வரும்போது தோன்றுவதைவிடத் தள்ளி இருக்கிறது. வண்டியும் பின்னால் உள்ள தரையும் ஒரே சரிவில் இருந்தால் இந்தப் பிழை இல்லை. சரிவு மாறும் இடத்தில்தான், அதாவது வீட்டு வாசல் சாலையைச் சந்திக்கும் இடத்தில்தான், பிழை முழுதாக வரும். மூட்டை ஏற்றிப் பின்பக்கம் தாழ்ந்தாலும் கோடுகள் இடம் மாறும்.

தரையைத் தொடாமல் நீட்டிக்கொண்டிருப்பவை இன்னொரு பொறி. கோடுகள் தரைக்கு மட்டுமே உரியவை. லாரியின் பின்பலகை, சாய்ந்து நிற்கும் சில்வர் ஓக் கிளை, கட்டு மீறி நீளும் மரத்தடி ஆகியவை உயரத்தில் இருப்பதால் படத்தில் தொலைவாகத் தெரியும்; கோடு பச்சையில் இருக்கும்போதே கண்ணாடி உடையும்.

இனி விளிம்பு. தட்டையான படத்துக்கு ஆழம் கிடையாது. மண் திண்ணையின் நிறமும் அதற்குக் கீழே உள்ள மண்ணின் நிறமும் ஒன்றாக இருந்தால், இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் படத்தில் கோடாகக்கூடத் தெரியாமல் போகலாம். மூடுபனியில் நிச்சயம் தெரியாது. ரிவர்ஸ் விளக்கின் வெளிச்சமே பனியில் பட்டுத் திரும்பி வெண்திரை கட்டும். கேமராவை மாற்றுவதால் இது தீராது. விளிம்பைக் கேமராவுக்குத் தெரியும்படி செய்ய வேண்டும். வீட்டுத் திண்ணையின் ஓரத்தில், விளிம்புக்கு அரை மீட்டர் உள்ளே, கையகலக் கற்களை வரிசையாகப் புதைத்து வெள்ளையடித்தால் போதும். மங்கிய படத்திலும் வெள்ளை வரி தனித்துத் தெரியும். அகச்சிவப்பு விளக்குள்ள கேமராவில் இரவிலும் தெரியும். கற்களுக்கு முன்னால் சக்கரம் முட்டி நிற்கும்படி ஒரு மரக்கட்டையைப் பதித்துவிட்டால், படமே வராத நாளிலும் வண்டி நிற்கும். சாலையில் நெடுஞ்சாலைத் துறை கருப்பு வெள்ளை அடித்துவைக்கும் தடுப்புக் கற்கள் செய்கிற வேலைதான் இது. வீட்டு வாசலுக்கும் அதே கவனம் வேண்டும்.

கேமரா வந்த பிறகும் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் முதலில் பார்க்க வேண்டும், திரை மூன்றாவது. திரையையே பார்த்துக்கொண்டு ஒடிக்கும்போது வண்டியின் முன்மூக்கு எதிர்ப்பக்கமாக வீசும். கொண்டை ஊசி வளைவில் அந்தப் பக்கம் எதிரே வருகிறவர் இருப்பார். இடம் நெருக்கமாக இருந்தால் ஒருவரை இறக்கிவிட்டு ‘வரலாம், வரலாம்’ சொல்ல வைப்பதுதான் இன்றும் சிறந்த வழி. அவர் நிற்க வேண்டிய இடம் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும் மூலை. வண்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நின்று கையசைப்பதை எந்த வண்டிக்காரரும் அனுமதிக்கக் கூடாது. திரையில் அவர் மறைந்த நொடியே பிரேக்.

பராமரிப்பு கொஞ்சம்தான். லென்ஸை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். காய்ந்த மண்ணை வறட்டுத் துணியால் தேய்த்தால் கீறல் விழும், கீறிய லென்ஸில் பின்னால் வரும் விளக்குகள் நட்சத்திரமாகச் சிதறும். லென்ஸுக்கு உள்ளே பனித்துளி தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது, மாற்றிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபரின் தொடக்கத்தில், எர்த் போல்ட்டைக் கழற்றிப் பச்சை பூத்திருந்தால் சுரண்டிவிட்டு மறுபடி முறுக்கலாம். ரப்பர் குழாய் கிழிந்திருக்கிறதா, பைப்பின் முனைகளில் எலிப்பல் பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். மழை நின்ற பிறகு, தை பிறக்கும் முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, மீந்த சுண்ணாம்பை விளிம்புக் கற்களுக்கும் ஒரு கை பூசிவிட வேண்டும்.